ஊர் சொல்லாத நம்பர் பிளேட்

பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் ஒரு சந்தில் நின்று, வாடகைக்கு எடுத்த காரில் ஏற்கெனவே இருந்த கீறல்களை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வண்டியின் பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எந்த ஊர் வண்டிடா?"

மதுரையில் வளர்ந்தவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி. டிஎன் 58, 59, 64 என்றால் நம்மூர், வேறு எண் என்றால் வெளியூர். சின்ன வயதில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வரும் லாரியின் எண்ணை வைத்து ஊரைச் சொல்வதுதான் எங்களுக்கு விளையாட்டு. அந்தப் பழக்கத்தில் கேட்டாள். ஆனால் இந்த பிளேட்டில் ஊரே இல்லை. ஓர் எழுத்து, இரண்டு எண்கள், நடுவில் ஓர் எழுத்து, அப்புறம் மூன்று எண்கள். அவ்வளவுதான்.

வண்டிக்குச் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டியவர். நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன் என்றதும் ஜெர்மன் மொழிக்கு மாறிவிட்டார். போர்க்காலத்தில் சில வருடங்கள் அங்கே அகதியாக இருந்தாராம். அக்காவின் கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னேன். "ஊர் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்தார்கள்" என்றார்.

1992 முதல் 1995 வரை நடந்த போரில் பொஸ்னிய முஸ்லிம்கள், குரோவேஷியர்கள், செர்பியர்கள் என்று ஒவ்வொரு தரப்பும் தனக்கென்று ஒரு பிளேட் வைத்துக்கொண்டது. ஒன்றில் லில்லிப் பூ, இன்னொன்றில் சிவப்பு வெள்ளைக் கட்டங்கள், மற்றொன்றில் செர்பியர்கள் எழுதும் சிரிலிக் எழுத்து. வருகிற வண்டி யாருடையது என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். போரை முடித்த டேட்டன் ஒப்பந்தம் வந்தபின் எவரும் எங்கும் போகலாம் என்று எழுதியாகிவிட்டது. ஆனால் பிளேட்டே ஆளைக் காட்டிக்கொடுக்கும்போது அந்தப் பக்கம் வண்டியை விட யாருக்குத் துணிச்சல் வரும்? 1998இல், அந்த ஒப்பந்தம் நடைமுறையாவதைக் கவனிக்கும் சர்வதேச உயர் பிரதிநிதியின் அலுவலகம் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி பிளேட்டைக் கொண்டுவந்தது. ஊர்க் குறி கிடையாது. எழுத்துகளும் ஏழே ஏழுதான்: ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி. ரோமன் எழுத்திலும் சிரிலிக்கிலும் ஒரே வடிவம், ஒரே ஒலி உள்ளவையாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள்.

அந்தப் புது பிளேட் மாட்டிய கோடையில்தான், ஆறு வருடம் கழித்து, ஃபோச்சா வரைக்கும் தன் வண்டியை ஓட்டிப்போனதாகச் சொன்னார். ஃபோச்சா அவருடைய அம்மாவின் ஊர். மேசை மேல் கிடந்த வரைபடத்தில் எங்கள் ஆறு நாள் பயணத்தைப் பேனாவால் வட்டமாக வரைந்தார். மோஸ்தார், திரெபின்யே, கோத்தோர், துர்மித்தோர் மலை, கடைசி நாள் ஃபோச்சா, மறுபடி சரயேவோ. ஃபோச்சாவின் மேல் பேனாவை வைத்து, "இங்கே அலாஜாவைப் பாருங்கள்" என்றார். அது என்ன என்று நான் கேட்பதற்குள் காபி வந்துவிட்டது.

தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் கார் எடுக்கப்போகிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே எதையும் விட முதலில் பார்க்கவேண்டியது காகிதங்களை. எந்த வண்டி, மைலேஜ் எவ்வளவு, டிக்கி பெரிதா என்பதெல்லாம் அப்புறம். முன்பு யூகோஸ்லாவியா என்று ஒரே நாடாக இருந்த நிலத்தில் போடப்பட்ட சாலைகள் அவை. மலையும் ஆறும் இழுத்த வழியில் போகின்றன. எல்லைகள் பிற்பாடு வந்து அந்தச் சாலைகளின் குறுக்கே உட்கார்ந்திருக்கின்றன. அதனால் நூறு கிலோமீட்டர் போவதற்குள் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குள் நுழைந்துவிடுவீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தம் அந்த வண்டியை எந்த நாட்டுக்குள் விடுகிறதோ, உங்கள் பயணமும் அதற்குள்தான்.

இதை நான் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் இணையத்தில் ஒரு நிறுவனத்திடம் பதிவு செய்திருந்தேன். பணம் கட்டி மூன்று வாரம் கழித்து, கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால், "இந்த வகை வண்டியைப் பொஸ்னியாவுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பதிவு செய்யும்போதே பக்கத்து நாடான மொண்டிநெக்ரோ போகிறோம் என்று எழுதியிருந்தேன். பணம் திரும்பிவிட்டது. ஆனால் அந்த நான்கு நாளும் வயிற்றில் நெருப்புதான். அக்கா மதுரையிலிருந்து விடுப்பு எடுத்து வந்திருந்தாள். அவளுக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம்.

ஆகவே பதிவு செய்வதற்கு முன்னாலேயே, போகப்போகும் நாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எல்லை தாண்டும் அனுமதிக்குத் தனிக் கட்டணம் உண்டு; பிறகு எங்களுக்குக் கிடைத்த சரயேவோ வண்டிக்காரர் 40 யூரோ வாங்கினார். அதற்கு இரண்டு தாள்கள் தந்தார். முதலாவது கிரீன் கார்டு. உங்கள் வண்டியின் காப்பீடு அடுத்த நாட்டிலும் செல்லும் என்பதற்கான சான்று அது. எந்தெந்த நாடுகளில் செல்லும் என்பது அதிலேயே கட்டம் கட்டமாக இருக்கும். கோடு போட்டு அடித்திருக்கும் நாட்டுக்குள் போகக்கூடாது. பெயரில்தான் பச்சை. 2020 முதல் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அச்சடிக்கவும் அனுமதி இருப்பதால் எங்களுக்குக் கிடைத்தது வெள்ளைத் தாள். பச்சையாக இல்லையே என்று அக்கா இரண்டு முறை கேட்டாள். அவள் கேட்டதும் நல்லதுதான், தெரியாமல் வேறு காகிதங்களோடு போட்டுவிட்டால் எல்லையில் தேடிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது தாளுக்கு அங்கே ஒவ்லாஷ்தெனியே என்று பெயர். வண்டி உங்களுடையது இல்லை, ஓட்டிப்போக உரிமையாளர் அதிகாரம் கொடுத்திருக்கிறார் என்கிற கடிதம். இதோடு சவோப்ரசாய்னா என்று அவர்கள் சொல்லும் வண்டியின் பதிவுப் புத்தகமும், அதாவது நம்முடைய ஆர்.சி. புக் மாதிரி, வண்டியிலேயே இருக்கவேண்டும். எல்லையில் முதலில் கைநீட்டிக் கேட்பது இந்த மூன்றையும்தான், பாஸ்போர்ட்டோடு சேர்த்து.

கொசோவோவுக்கு மட்டும் கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். கொசோவோ அந்த கிரீன் கார்டு ஏற்பாட்டில் இல்லை. எல்லையில் தனியாகக் காப்பீடு வாங்கித்தான் உள்ளே போகவேண்டும். வாடகைக்காரர்கள் பலர் இதை விரும்புவதில்லை. அங்கேயும் நம்பர் பிளேட்தான் பெரிய தகராறாக இருந்தது. செர்பியாவும் கொசோவோவும் ஒன்றின் பிளேட்டை மற்றொன்று ஏற்காமல், நாட்டுச் சின்னத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு எல்லை தாண்டும் நிலை வந்து, சாலைகளை மறிக்கும் அளவுக்குப் போனது. 2024 ஜனவரியில்தான் அந்த ஸ்டிக்கர் வேலை இரண்டு பக்கமும் நின்றது. ஒரு தகரத் துண்டுக்காகவா என்று நமக்குத் தோன்றும். அந்த ஊரில் இருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது.

விசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவோ (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா அது) ஷெங்கன் நாட்டின் குடியிருப்பு அனுமதியோ இருக்கும் இந்தியர்கள் பொஸ்னியாவில் 30 நாள் வரை தனி விசா இல்லாமல் தங்கலாம். மொண்டிநெக்ரோவிலும் ஷெங்கன் விசாவோடு 30 நாள் வரை இருக்கலாம். அக்காவிடம் பலமுறை நுழையும் விசா இருந்தது. ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியதுமே திரும்பும் வழி அடைபட்டுவிடும். விதிகள் மாறுகின்றன, கிளம்புவதற்கு முன் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள். ஊர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். ஊர் உரிமத்தையும் கூடவே வைத்திருக்கவேண்டும்.

பெரிய நிறுவனங்கள் முன்பணத்தை ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைக்கும். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் சாவி கிடைக்காது. எங்களுடையவர் 200 யூரோவை ரொக்கமாக வாங்கி உறையில் போட்டு, உறையின் மேல் என் பெயரை எழுதி மேசை இழுப்பறையில் வைத்தார். காப்பீட்டில் எது அடங்காது என்பதைத் தானே முன்வந்து வாசித்துக் காட்டினார். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் அடங்காது. எந்தச் சின்ன மோதலுக்கும் போலீஸ் எழுதித் தரும் தாள் இல்லாமல் காப்பீட்டில் ஒரு காசு வராது. பின்னால் இருந்த ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துக் காட்டினார். இவர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று அப்போது நினைத்தேன். ஐந்தாம் நாள் அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

சரயேவோவுக்குள் ஓட்டுவது கஷ்டம் இல்லை. ஆனால் டிராம் வருகிறது என்பதை மறக்கக்கூடாது, வழி அதற்குத்தான். பழைய ஊரின் மேட்டுத் தெருக்களில் கார் ஏறாமல் இருப்பதே நல்லது. பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரியவேண்டும் என்பது அங்கே வருடம் முழுவதும் சட்டம். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயரும் கட்டாயம். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி.

மோஸ்தார் வரைக்கும் சுமார் 130 கிலோமீட்டர். ஜெர்மன் பழக்கத்தில் ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டால் தப்பு. ஊருக்குள் 50, வெளியே 80, வளைவுகள், மரம் ஏற்றிய லாரிகள். எதிரே வருபவர் விளக்கை இரண்டு தடவை சிமிட்டினால் அடுத்த வளைவில் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். நம்மூர் லாரிக்காரர்களிடம் பழகியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. யாப்லானித்ஸாவில் சாலையோரக் கடைகளில் முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பியைச் சுற்றுவது மலையிலிருந்து வரும் தண்ணீர்ச் சக்கரம். கிலோ கணக்கில் வெட்டித் தருகிறார்கள், உப்பைத் தவிர வேறு மசாலா இல்லை. அக்கா கைப்பையிலிருந்து இட்லிப்பொடி டப்பாவை எடுத்துத் தொட்டுச் சாப்பிட்டாள். நன்றாகவே இருந்தது.

வழி நெடுக எங்கள் கண்ணில் பட்ட இன்னொன்று பழைய ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப். முப்பது, முப்பத்தைந்து வருட வண்டிகள், கூரையில் விறகு கட்டிக்கொண்டு மலையேறுகின்றன. சரயேவோவை ஒட்டிய வோகோஷ்சாவில் 1972 முதல் ஃபோல்க்ஸ்வாகனுக்காக ஒரு தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் தலைமுறை கோல்ஃப் அங்கேயும் தயாரானது, 1992இல் போர் வந்ததும் நின்றுபோனது. இரும்பு தேயும்வரை அந்த வண்டிகளை மக்கள் விடுவதாக இல்லை.

மோஸ்தார் பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1566இல் கட்டி முடித்தது, 1993 நவம்பர் 9 அன்று பீரங்கி அடித்து வீழ்த்தியது, 2004இல் அதே வகைக் கல்லில் அதே முறையில் திரும்பக் கட்டியது. கூட்டம் வருவதற்கு முன், காலை ஆறரைக்கு அதன் மேல் நின்றோம். கல் வழுக்குகிறது, பிடித்து நடக்கவேண்டும். எனக்கு அதைவிட மனதில் நின்றது அங்கிருந்து திரெபின்யே போகும் சாலைதான்.

ஸ்தோலாத்ஸ் தாண்டியதும் ஒரு பலகை வருகிறது, இங்கிருந்து ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா என்று. பொஸ்னியா என்ற ஒரே நாட்டுக்குள் டேட்டன் ஒப்பந்தம் வரைந்த இரண்டு பகுதிகளில் ஒன்று அது. சோதனைச் சாவடி கிடையாது, போலீஸ் கிடையாது. பலகையைப் பார்க்காவிட்டால் தாண்டியதே தெரியாது. ஆனால் வழிகாட்டிப் பலகைகளைக் கவனித்தால் தெரியும். ஊர்ப் பெயர்களை ரோமன், சிரிலிக் இரண்டிலும் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் சிரிலிக்கின் மேல் கறுப்பு ஸ்பிரே. அந்தப் பக்கம் போனால் ரோமனின் மேல் கறுப்பு ஸ்பிரே. தார் பூசிய பெயர்ப் பலகைகளைப் பற்றி நமக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அங்கே அந்தப் பூச்சைப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. இரண்டிலும் எழுதியிருப்பது ஒரே பெயர், ஒரே உச்சரிப்பு. அந்தச் சாலையில்தான், எங்கள் வண்டியின் பின்னால் யாரையும் உறுத்தாத ஏழு எழுத்துகளில் இரண்டு வந்துகொண்டிருந்தன.

வண்டியை நிறுத்தி ஒதுங்கவேண்டும் என்றால் பெட்ரோல் பங்கில் ஒதுங்குங்கள். பொஸ்னியாவில் இன்னும் அகற்றி முடியாத கண்ணிவெடிகள் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் சொல்லவே வேண்டாம். பலகை இல்லாத காட்டிலும் தாரை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். இது பயமுறுத்தச் சொல்வது இல்லை, அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

திரெபின்யேயில் ஆற்றின் மேல் 1574ஆம் ஆண்டின் அர்ஸ்லானாகிச் பாலம் நிற்கிறது. அது முதலில் நின்ற இடம் அது இல்லை. 1960களில் அணை கட்டியபோது பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு நீரை இறக்கி, ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, சில கிலோமீட்டர் கீழே கொண்டுவந்து 1972இல் திரும்பக் கட்டினார்கள். அங்கிருந்து துப்ரோவ்னிக் 30 கிலோமீட்டர்தான். நாங்கள் போகவில்லை. 2023 முதல் குரோவேஷியா ஷெங்கனுக்குள் இருக்கிறது. அந்த எல்லையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதற்குப் பதில் திரெபின்யேயின் மரத்தடிச் சந்தையில் உட்கார்ந்திருக்கலாம் என்று அக்கா சொன்னாள். சீஸும் அத்திப்பழமும் வாங்கினோம்.

அடுத்த நாள் சித்னித்ஸா எல்லை. அங்கே இருந்த காவலர் கிரீன் கார்டை வாங்கி, மொண்டிநெக்ரோவின் கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு விட்டார். கீழே இறங்கினால் கடல். கமெனாரியில் படகில் வண்டியை ஏற்றினால் வளைகுடாவைச் சுற்றாமல் கால் மணி நேரத்தில் மறுகரை. கோத்தோருக்கு மேலே 25 கொண்டைஊசி வளைவுகள், வால்பாறை ஏறியவர்களுக்குப் பழக்கமான வேலைதான், ஆனால் சாலை இன்னும் ஒடுக்கம், பஸ் வந்தால் ஒருவர் பின்னால் போகவேண்டும். மொண்டிநெக்ரோ பிளேட்டுகளில் ஊர்க் குறி உண்டு. நிக்‌ஷிச், கோத்தோர், போட்கோரித்ஸா என்று அக்கா வாசித்துக்கொண்டே வந்தாள். இரண்டு நாளில் எல்லாக் குறியும் அவளுக்கு மனப்பாடம்.

துர்மித்தோரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. ஜாப்ல்யாக் என்கிற சின்ன ஊர் 1,456 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முதலில் தாரா ஆற்றின் மேலுள்ள ஜுர்ஜெவிச்சா பாலத்துக்குப் போனோம். ஐந்து வளைவுகள், ஆற்றிலிருந்து 172 மீட்டர் உயரம், 1940இல் கட்டி முடித்தது. 1942இல் இத்தாலியப் படை வருவதைத் தடுக்க, பாலம் கட்டியதில் வேலை பார்த்த பொறியாளர் லாசர் யாவுகோவிச்சே அதன் ஒரு வளைவைத் தகர்த்தார். தான் கட்டியதில் எங்கே வெடி வைத்தால் மற்ற வளைவுகள் பிழைக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பாலத்தின் மேலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1946இல் அந்த ஒரு வளைவை மட்டும் திரும்பக் கட்டினார்கள். நடுப்பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஜாப்ல்யாக்கிலிருந்து மலையின் மேலேயே ப்லுஜினே போகும் சாலையில் கிளம்பினோம். ஸெத்லோ கணவாய் 1,907 மீட்டர். பனி விழுந்துவிட்டால் மூடிவிடுவார்கள். ஒரே ஒரு வண்டி போகும் அகலம், புல்வெளி, மடிப்பு மடிப்பாகப் பாறை, இடையில் ஆடுகள். ஒரு வளைவில் மேலிருந்து உதிர்ந்த கல் ஒன்று கத்திபோல நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. முன் டயரின் பக்கச்சுவர் இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்துவிட்டது.

ஸ்டெப்னியை மாட்டினோம். ஆளரவம் இல்லை, காற்று மட்டும். கைபேசியில் சிக்னல் வந்த இடத்தில் நின்று வண்டிக்காரரை வைபர் செயலியில் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் அக்கா நலமா?" இரண்டாவது கேள்விதான் டயர். "ப்லுஜினே போங்கள், வுல்கானிசேர் என்று பலகை இருக்கும்" என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஊரில் பஞ்சர் கடைத் தகரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பார்களே, அதே சொல். பால்கன் முழுக்கப் பஞ்சர் கடைக்கு அதுதான் பெயர். மலையிலிருந்து இறங்கும் இருட்டுச் சுரங்கப் பாதைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஊருக்குள் நுழைந்தோம். பலகையை முதலில் பார்த்தது அக்காதான். "வல்கனைசிங்டா, அங்க பாரு!" என்று கத்தினாள். கடை வாசலில் பாதியாக வெட்டிய டிரம்மில் தண்ணீர், சுவரில் டியூப்கள். எண்ணெய்க் கை. எந்த நாட்டில் நிற்கிறோம் என்று கேட்கவே தோன்றாது.

பக்கச்சுவர் கிழிந்த டயருக்கு ஒட்டுப் போட முடியாது. அவரும் விரலை அசைத்துக் காட்டினார். அதே அளவில் பழைய டயர் ஒன்று நிக்‌ஷிச்சிலிருந்து வரும், மூன்று மணிக்கு வாருங்கள் என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டிப் புரியவைத்தார். ஸ்டெப்னியோடு மெதுவாகப் பக்கத்திலிருந்த பிவா மடத்துக்குப் போனோம். அந்த நாள் எங்களுக்குக் கிடைத்த கொடை என்றுதான் சொல்வேன். பதினாறாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கோயில் அது. பிவா ஆற்றின் குறுக்கே ம்ராத்தினியே அணை எழுந்தபோது மூழ்கவேண்டியது. 1969இல் தொடங்கி 1982 வரை, சுவரோவியங்களைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, கல்லுக்குக் கல் எண் போட்டு, மேட்டு நிலத்துக்குக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். ஓவியங்களில் வெட்டிய கோடு மெல்லிய தழும்பாகத் தெரிகிறது என்று அக்காதான் காட்டினாள். வைகை அணை கட்டியபோது எங்கள் தாத்தாவின் அத்தை வீட்டு நிலம் தண்ணீருக்குள் போனதை வீட்டில் இன்றும் பேசுவார்கள். அங்கே நின்றபோது அவள் அதைத்தான் சொன்னாள்.

மூன்று மணிக்குப் போனால் டயர் தயார். 35 யூரோ, ரசீதும் கொடுத்தார்.

அணைக்கட்டு 220 மீட்டர் உயரம். சாலை அதன் மேலேயே போகிறது. அப்புறம் சுரங்கம், வெளிச்சம், சுரங்கம், வெளிச்சம். ஷ்செபான் போல்யேயில் மொண்டிநெக்ரோ முடிகிறது. தாராவின் மேல் மரப்பலகை பாவிய ஒரு பாலம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான், பலகைகள் கடகடவென்று சத்தம் போடும். மறுகரையில் ஹூம், பொஸ்னியாவின் சாவடி. தாராவும் பிவாவும் அந்த இடத்தில் சேர்ந்து திரினா ஆகின்றன. அங்கிருந்து ஃபோச்சா வரை சாலை ஒடுங்கி, ஓரம் பிய்ந்து, எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிடும்படி இருக்கிறது. இருட்டில் அந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் ஓர் ஆற்றங்கரை விடுதியில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினோம்.

ஃபோச்சாவில்தான் அலாஜா என்பது என்ன என்று தெரிந்தது. 1550ஆம் ஆண்டு கட்டிய பள்ளிவாசல். அலாஜா என்றால் பல வண்ணம் என்று பொருள். 1992 ஆகஸ்டில் பொஸ்னிய செர்பியப் படையினர் அதை வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த வருடம் இந்த ஊரின் முஸ்லிம்களைக் கொன்றும் விரட்டியும் ஊரின் பெயரையே மாற்றினார்கள். இங்கே பெண்களுக்கு நடந்த கொடுமைகளுக்காக ஹேக்கில் இருந்த சர்வதேசப் போர்க்குற்ற நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. பழைய பெயர் பிற்பாடு நீதிமன்றத்தின் மூலமாகத்தான் திரும்பியது. பள்ளிவாசலின் கற்களைத் தேடி எடுத்து, பழைய படங்களை வைத்துத் திரும்பக் கட்டி, 2019 மே மாதம் திறந்தார்கள். நாங்கள் போனபோது உள்ளே யாரும் இல்லை. வாசலில் ஒரு பெரியவர் எங்கள் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். புதுக் கல்லுக்கு நடுவே பழைய கல் நிறம் மாறித் தெரிந்தது. அக்கா அந்தப் பழைய கற்களை மட்டும் படம் எடுத்தாள். பத்திருபது இருக்கும்.

மத்தியானம் சரயேவோவில் வண்டியை விட்டோம். அவர் சுற்றி வந்தார், புது டயரைத் தட்டிப் பார்த்தார், ரசீதை வாங்கிக் கோப்பில் வைத்தார். "ஒப்பந்தப்படி டயர் உங்கள் செலவு, நீங்களே பார்த்துவிட்டீர்கள், முடிந்தது" என்றார். இழுப்பறையிலிருந்து என் பெயர் எழுதிய உறையை எடுத்து மேசையில் வைத்தார். அதைத் திறப்பதற்கு முன் அக்கா தன் கைபேசியை அவரிடம் நீட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு படமாக விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். 1998இல் அவர் போனபோது அந்த இடத்தில் புல்தான் இருந்தது என்றார். ஒரு படத்தில் வெகுநேரம் நின்றார், வாசலின் இடது தூணுக்குக் கீழே இருந்த ஒரு கல். அம்மா அங்கேதான் செருப்பைக் கழற்றி வைப்பாளாம். அந்தப் படத்தை மட்டும் தனக்கு அனுப்பச் சொன்னார். அக்கா அனுப்பியதும், மேசை மேல் கிடந்த அவருடைய கைபேசியில் வைபர் மணி அடித்தது.